பர்கண்டி நத்தையும் முந்திரித் தோப்புச் சாராயமும்

1

ஜூன் பிறந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் பிரான்ஸ் நாட்டின் சாலை வரைபடத்தை விரிப்பது என் கணவர் ஜெயராமனின் வழக்கம். இந்த வருடமும் விரித்தார். "எந்தப் பக்கம் போகலாம்?" என்று பொதுவாகக் கேட்டார். பத்து வயது மகள் நிலா புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே, "எனக்கு வேண்டாம்" என்று பிரெஞ்சில் சொன்னாள். நான் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் காகிதம் மடங்கும் சத்தம் கேட்டது. நாங்கள் எங்கும் போகாமல் இருக்கப்போகும் இரண்டாவது கோடை இது.

"வருஷா வருஷம் ஊர் ஊராச் சுத்திச் சாப்பிட்டீங்களே, அதைப் பத்தி எழுதேன்" என்று ஊரிலிருந்து ஃபோனில் பேசுகிறவர்கள் கேட்கிறார்கள். எழுதுகிறேன். சாப்பாட்டில் ஆரம்பிப்பது வேறெங்காவது போய் முடிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் அஞ்சலை. தா.பழூருக்குத் தெற்கே, கொள்ளிடத்துக்குக் கிட்டத்தில் ஒரு சிற்றூர் எனக்கு. எங்கள் தெருவில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. நடவு, அறுப்பு, முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்குவது, கொட்டகையில் உட்கார்ந்து உடைப்பது, இவைதான் பிழைப்பு. நான் நர்ஸ் உதவியாளர் பயிற்சி முடித்துப் பாண்டிச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். அங்கே நான் கவனித்துக்கொண்ட ஒரு அம்மாவைப் பார்க்கப் பிரான்சிலிருந்து அவருடைய மகன் வந்தார். அவர்தான் ஜெயராமன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பாண்டிச்சேரிக் குடும்பம். திஜோன் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் சமையல்காரர். கல்யாணமாகி நான் இங்கே வந்து பதினோரு வருடமாகிறது. முதியோர் இல்லம் ஒன்றில் வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது என் வேலை. அஞ்சலை என்ற பெயர் இவர்கள் வாயில் நுழையாமல் ஆன்ஜெல் ஆகிவிட்டது.

வந்த நான்காவது வருடம், இல்லத்து ஊழியர்களையெல்லாம் எங்கள் பர்கண்டி வட்டாரத்துக் கிராமத்து உணவகம் ஒன்றுக்கு அழைத்துப்போனார்கள். குழி குழியாக இருந்த ஒரு தட்டை என் முன்னால் வைத்தார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு நத்தை. பூண்டும் பச்சைத்தழையும் அரைத்துச் சேர்த்த வெண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அந்த ஊர்த் திராட்சையில் செய்த வெள்ளை ஒயின். "உன்னால் சாப்பிட முடியுமா, ஆன்ஜெல்? முடியாவிட்டால் கோழி இருக்கிறது" என்று பக்கத்தில் இருந்தவள் அன்பாகக் கேட்டாள்.

எங்கள் தெருவில் நத்தை வாரத்துக்கு ஒருமுறையாவது வேகும். வயலில் பொறுக்கி, கல்லுப்பு போட்டு அலசி, வேகவைத்து, கருவேல முள்ளால் சதையைக் குத்தி எடுத்து, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்குவோம். ஓடுகளை மட்டும் அம்மா குழி தோண்டிப் புதைத்துவிடுவாள். மேலத்தெருப் பிள்ளைகள் கண்ணில் பட்டால் பள்ளிக்கூடத்தில் எங்கள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். "நத்தை தின்னி" என்று என்னைக் கூப்பிட்டவர்களின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

"எங்கள் ஊரிலும் சாப்பிடுவோம். ஆனால் ஒளித்துவைப்போம்" என்று சொல்ல நினைத்தேன். ஒளிப்பதற்குப் பிரெஞ்சில் 'காஷே'. நான் 'ஷாஸே' என்று சொல்லிவிட்டேன். அதற்கு வேட்டையாடுவது என்று அர்த்தம். மேசை முழுக்கச் சிரிப்பு. நத்தையைத் துரத்திக்கொண்டு வேட்டைக்குப் போகும் ஊரா என்று ஆளாளுக்கு நடித்துக் காட்டினார்கள். நானும் சிரித்தேன். திருத்திச் சொல்லவில்லை. திருத்தினால் எவ்வளவு சொல்லவேண்டி வரும்?

அன்றைக்கு என் தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

2

அதற்குப் பிறகுதான் ஊர் சுற்றும் ஆசை வந்தது. அதுவரைக்கும் ரசமும் சோறும் தவிர வேறெதையும் வீட்டுக்குள் விடாதவள் நான். ஒரு பழைய கார் வாங்கினோம். கோடைக்கு ஒரு வட்டாரம். அங்கே என்ன விளைகிறதோ அதைச் சாப்பிடுவது, அந்த ஊர்க்காரர்கள் எதைக் குடிக்கிறார்களோ அதைக் குடிப்பது. பிரெத்தாஞில் கறுப்புத் தானிய மாவில் ஊற்றிய மெல்லிய தோசையும் ஆப்பிளில் செய்த கள்ளும். அல்சாஸில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ். பாஸ்க் நாட்டில் வீட்டுச் சுவரெல்லாம் மிளகாய்ச் சரம். அந்த நெடியில் ஜெயராமன் நடுத்தெருவில் நின்று தும்மிக்கொண்டே இருந்தார்.

ஒயினைத் தொட எனக்கு மூன்று கோடை பிடித்தது. எங்கள் தெருவில் பெண்களுக்குக் குடி என்றால் ஆண்களின் வாயிலிருந்து வரும் நாற்றம்தான். என் அப்பா குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்து செத்தவர். அதனால் திராட்சைத் தோட்டக்காரர்கள் தங்கள் நிலவறைக்குக் கூட்டிப்போய், கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, முகர்ந்து பார்க்கச் சொல்லும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அவர்கள் வாயில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் துப்புவார்கள். குடிப்பதற்கென்று செய்ததைத் துப்புகிறவர்களை அப்போதுதான் பார்த்தேன்.

என்னை அதிசயிக்கவைத்தது பாட்டிலில் ஒட்டியிருக்கும் காகிதம். எந்த ஊர், எந்த வருடத்து விளைச்சல், செய்தவர் யார், எல்லாம் அதில் இருக்கும். யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் நேராக அந்த வீட்டு வாசலில் போய் நிற்கலாம். செய்தவரே கதவைத் திறப்பார்.

திரும்பி வந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு ஃபோன். என் தம்பி கதிர்வேல்தான் எடுப்பான். எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். மனைவி மலர்க்கொடி, ஒரே மகள் யாழினி. நான் சாப்பிட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்பான்.

"ஆம்பளயும் பொம்பளயும் ஒண்ணா உக்காந்து குடிப்பாங்களாக்கா?"

"ஆமாடா."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சோத்தோட தண்ணி குடிக்கிற மாதிரிதான்."

"நல்ல ஊருக்கா. இங்க ஒரு மடக்கு குடிச்சுட்டு வூட்டுக்குள்ள காலு வைக்க முடியல." பின்னாலிருந்து மலர்க்கொடி ஏதோ திட்டுவது கேட்கும். அவன் சிரிப்பான்.

3

இரண்டாயிரத்து மூன்றில் ஏப்ரல் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். நாங்கள் பிரான்சில் செய்ததைக் கதிர் எங்கள் மாவட்டத்திலேயே செய்துகாட்டினான். தெரிந்தவரிடம் ஒரு வேனை வாங்கிக்கொண்டு வந்து, "ஏறுங்க மாமா, எங்க ஊருல என்னா இருக்குன்னு பாருங்க" என்றான்.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு வெங்காயக் காட்டில் வண்டியை நிறுத்தி, கம்மங்கூழுக்குச் சின்ன வெங்காயத்தைக் கையாலேயே நசுக்கிக் கொடுத்தான். எறையூரில் ஆலை வாசலில் வரிசையாக நின்ற கரும்பு வண்டிகளுக்கு நடுவே அவனுடைய சிநேகிதர்கள் கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்துத் தந்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயிலைப் பார்த்ததைவிட அதற்குப் பின்னால் முந்திரித் தோப்புகளில் நின்ற நேரம்தான் அதிகம். முந்திரிப்பழம் தின்று நிலாவுக்குத் தொண்டை கரகரத்தது. ஊர் திரும்பியதும் மலர்க்கொடி பச்சை முந்திரிப் பருப்பில் குழம்பு வைத்தாள். வற்றிக்கொண்டிருந்த குளத்தில் பொறுக்கிய நத்தையை மிளகு போட்டு வறுத்தாள். ஜெயராமன் விரலைச் சூப்பிக்கொண்டே, "பர்கண்டிக்காரன் இதைச் சாப்பிட்டான்னா வெண்ணெயைத் தூக்கிப் போட்டுடுவான்" என்றார். மலர்க்கொடிக்கு வெட்கம். "இதையெல்லாமாண்ணே அங்க காசு குடுத்துத் திம்பாங்க?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெயராமன் ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டுபோயிருந்தார். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார். கதிர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"என்னா மாமா, புளிச்சுப்போன திராட்சைத் தண்ணியா இருக்கு. இதுக்கா இவ்ளோ தூரம் கார்ல போறீங்க?"

"சரி, உங்க ஊருச் சரக்கு என்ன? அதைக் கொண்டாடா பாப்போம்."

சிரித்துக்கொண்டிருந்த கதிரின் முகம் மாறியது. "இங்க கள்ளு எறக்கக் கூடாது மாமா. கவருமென்ட் கடை பிராந்தி இருக்கு, அது எங்க ஊருச் சரக்கு கெடையாது. இன்னொண்ணு இருக்கு. தோப்புல காச்சுறது. அதுக்குப் பேரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

"அதைத்தான் கேக்குறேன்."

"உங்களுக்கு வேணாம் மாமா" என்று எழுந்து போய்விட்டான். நிலாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தான். அவள் பிரெஞ்சில் பேச, இவன் தமிழில் பதில் சொல்ல, இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தோப்பு என்றால் துரைக்கண்ணுவின் தோப்பு. ஊருக்கு வடக்கே முந்திரித் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். எங்கள் தெருப் பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கு அவருடைய கொட்டகையில்தான் வேலை. பகலில் பெண்கள் கொட்டை உடைப்பார்கள். சாயங்காலம் அவர்களுடைய புருஷன்மார்கள் தோப்பின் கடைக்கோடியில் குடிப்பார்கள். இது எல்லோருக்கும் தெரியும். மலர்க்கொடியும் அந்தக் கொட்டகையில்தான் வேலை பார்த்தாள்.

4

கிளம்பும்போது ஜெயராமன் கதிரிடம், "அடுத்த கோடைக்கு நீ அங்க வர்ற. நான் சுத்திக் காட்டறேன்" என்றார். அவன் உடனே பாஸ்போர்ட் எடுத்தான்.

அங்கே ஆரம்பித்தது சிக்கல். நான் பிறந்தபோது எங்கள் ஊர் திருச்சி மாவட்டம். நான் விமானம் ஏறியபோது பெரம்பலூர் மாவட்டம். பிறகு அரியலூர் மாவட்டம் என்றார்கள். அப்புறம் அதைக் கலைத்துவிட்டு மறுபடியும் பெரம்பலூர் என்றார்கள். இப்போது திரும்பவும் அரியலூராகப் போகிறதாம். வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. கதிரின் பள்ளிச் சான்றிதழில் ஒரு மாவட்டம், ரேஷன் கார்டில் இன்னொன்று, பாஸ்போர்ட்டில் மற்றொன்று. இங்கே எங்கள் நகரத்து அலுவலகத்தில் அவனை விருந்தாளியாக அழைக்கும் தாளை வாங்கப் போனபோது அங்கிருந்த பெண், "இவர் உங்கள் உடன்பிறந்தவர்தானா? இருவரும் வேறு வேறு மாவட்டத்தில் பிறந்திருக்கிறீர்களே" என்று கேட்டாள். ஒரே குடிசையில், ஒரே பாயில் பிறந்தோம் என்பதைப் பிரெஞ்சில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

எல்லாத் தாளும் சேர்ந்த பிறகு விசா கிடைக்கவில்லை. போகிறவர் திரும்பி வருவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று காரணம் சொன்னார்களாம். நிலம் இல்லை, வங்கியில் இருப்பு இல்லை.

கதிர் ஃபோனில் சிரிக்கத்தான் செய்தான். "திரும்பி வராம நான் எங்கக்கா போவேன்? எனக்கு வேற எங்க போக்கிடம்?" என்றான். அதற்குப் பிறகு நாங்கள் எந்த ஊரில் என்ன சாப்பிட்டோம் என்று அவன் கேட்பதைக் குறைத்துக்கொண்டான். குடி கூடியிருக்கிறது என்று மலர்க்கொடி சொன்னாள்.

5

இரண்டாயிரத்து ஐந்து ஆகஸ்டில் ஜுரா மலைப்பக்கம் போயிருந்தோம். அங்கே மஞ்சள் ஒயின் என்று ஒன்று. பீப்பாயில் ஆறு வருடத்துக்கு மேல் தொடாமல் வைத்திருப்பார்கள். வால்நட் வாசனை அடிக்கும். அந்த ஊர்ப் பாலாடைக்கட்டியோடு சாப்பிட வேண்டும். ஒரு வயதான தம்பதியின் நிலவறையில் நின்றுகொண்டிருந்தோம். அந்த அம்மா எனக்காகக் கிளாஸில் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஜெயராமனின் மொபைல் அடித்தது.

மலர்க்கொடி. "அண்ணி, காலையிலேருந்து அவருக்குக் கண்ணு தெரியலங்கிறாரு. எல்லாம் வெள்ளையாத் தெரியுதாம். வாந்தி வாந்தியா எடுக்குறாரு."

ஆஸ்பத்திரி வேலை பார்த்தவளுக்கு அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. "நேத்து எங்க குடிச்சான்?" என்றேன்.

"தோப்புலதான். அவரு கூடப் போன ரெண்டு பேருக்கும் இப்புடித்தான் இருக்குதாம்."

"ஒரு நிமிஷம் நிக்காத. கார் பிடி. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. என்ன குடிச்சான்னு டாக்டர்கிட்ட மறைக்காமச் சொல்லு."

ஃபோனை ஜெயராமனிடம் கொடுத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது வருடம் படித்த பிரெஞ்சு முழுதும் ஒரே நொடியில் எங்கோ போய்விட்டது. அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள், எனக்குப் புரியவில்லை. நிலா அவளிடம், "என் மாமா எதையோ குடித்துவிட்டார்" என்றாள். அந்த அம்மா மறுபடி கேட்டாள். நிலா என் பக்கம் திரும்பினாள். "அம்மா, என்ன குடிச்சாருன்னு கேக்குறாங்க. பேரு என்ன?"

அவளுக்கு எட்டு வயது. பதில் வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் விமான டிக்கெட் எடுப்பதற்குள் கதிர் போய்விட்டான். அவனுக்கு முன்னாலேயே மற்ற இரண்டு பேரும்.

6

தா.பழூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஊருக்குப் போக ஆட்டோ பேசிக்கொண்டிருந்தார் ஜெயராமன். நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னை வெளியூர்க்காரி என்று நினைத்து டீக்கடைக்காரர் பேச்சுக் கொடுத்தார். ஊர்ப் பெயரைச் சொன்னதும், "அடடா, அந்த ஊரா? நத்தைக் கறி தின்னுட்டு மூணு பேரு போயிட்டாங்களாமே. ஒரு பொம்பள ஆக்கிக் குடுத்தாளாம். வெஷ நத்தை போலருக்கு" என்றார்.

டீ கையிலேயே இருந்தது. நான் குடிக்கவில்லை.

வீட்டுக்குப் போன பிறகு மலர்க்கொடி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அன்று சாயங்காலம் அவள் நத்தை வறுத்திருக்கிறாள். குடிக்கும்போது தொட்டுக்கொள்ளக் கதிர் ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போயிருக்கிறான். மூன்று பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள். பிணம் ஊருக்கு வருவதற்குள் நத்தைக் கதை எல்லா ஊருக்கும் போய்விட்டது. யார் கிளப்பியது என்று யாருக்கும் தெரியாதாம்.

மறுநாள் முன்னாள் வார்டு மெம்பர் சின்னத்தம்பி வந்தார். எங்கள் தெருக்காரர்தான். துரைக்கண்ணுவின் தோப்புக்கு ஆள் சேர்த்துவிடுகிறவரும் அவர்தான். என்னை நலம் விசாரித்துவிட்டு மலர்க்கொடி பக்கம் திரும்பினார்.

"ஆபீசர் விசாரணைக்கு வரப்போறாரு தங்கச்சி. அந்த ரெண்டு வூட்டுலயும் பேசிட்டேன். நத்தை சாப்பிட்டது ஒத்துக்கலன்னு சொல்றோம்னுட்டாங்க. நீயும் அப்புடியே சொல்லிட்டா வம்பில்லாமப் போயிடும்."

"சாராயம்னு டாக்டரு என்கிட்டயே சொன்னாரண்ணே."

"டாக்டரு தஞ்சாவூருல இருக்காரு. நீ இங்க இருக்கணும். குடிச்சுச் செத்தான்னா கதிரு பேருக்கும் கேவலந்தானே?"

"எம் பேரு?"

"உம் பேருல யாரு குத்தம் சொல்றா? நத்தை மேலதானே சொல்றாங்க."

மலர்க்கொடி எழுந்து உள்ளே போனாள். அவர் போன பிறகு ஜெயராமன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ எதுவும் சொல்லாதே. நாம ரெண்டு வாரத்துல ஏறிப் போயிடுவோம். என்ன சொன்னாலும் அதோட வாழப்போறது அவதான்" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியாததுதான் கோபத்துக்குக் காரணம்.

அந்த நாட்களில் தெருப்பெண்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். வந்தவர்கள் யாரும் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. செத்துப்போன இரண்டு பேரில் ஒருவனின் அம்மா வாசலிலேயே நின்று, "எம் புள்ளைக்கு என்னாத்தடி ஆக்கிப் போட்ட?" என்று மண்ணை வாரித் தூற்றினாள். அவளுக்கு உண்மை தெரியும். அவளுடைய மருமகள்கள் இருவரும் துரைக்கண்ணுவின் கொட்டகையில்தான் வேலை பார்த்தார்கள். ஆறு வயது யாழினி இதையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மலர்க்கொடி வடித்த சோற்றை அவள் தொடவில்லை. "அத்தை, நீ ஊட்டு" என்று என்னிடம் வந்தாள்.

விசாரணை கிராம நிர்வாக அலுவலகத்தில் நடந்தது. வெளியே வேப்பமரத்தடியில் தெருவே கூடியிருந்தது. துரைக்கண்ணு வரவில்லை. சின்னத்தம்பி வந்திருந்தார். முதல் இரண்டு குடும்பமும் உள்ளே போய்ச் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்கள். மலர்க்கொடியோடு நானும் போனேன். ஜன்னல் திறந்திருந்ததால் உள்ளே பேசுவது வெளியே கேட்கும்.

அதிகாரி கேட்டார். "நத்தைக் கறி சமைச்சீங்களாம்மா?"

"ஆமாங்க சார். ஆக்குனேன்."

"உங்க புருஷன் சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு."

எழுதுகிறவர் பேனாவை நகர்த்தினார். மலர்க்கொடி நிறுத்தவில்லை.

"நானும் சாப்பிட்டேன் சார். எம் பொண்ணும் சாப்பிட்டா. பக்கத்து வூட்டுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தேன், அவங்க நாலு பேரும் சாப்பிட்டாங்க. நாங்க எல்லாரும் உசுரோடதான் இருக்கோம். அங்க வெளிய நிக்கிறாங்க, கூப்பிட்டுக் கேளுங்க."

எழுதுகிறவரின் கை நின்றது. அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப என்னம்மா நடந்துச்சு?"

"துரைக்கண்ணு தோப்புல காச்சுன சாராயத்தைக் குடிச்சாரு சார். எப்பவும் அங்கதான் குடிப்பாரு. கண்ணு போயி, உசுரு போச்சு." அவள் குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. "எங்க ஆயா காலத்துலேருந்து நாங்க நத்தை திங்கிறோம் சார். ஒருத்தரும் சாகல. நான் ஆக்கிப் போட்டுத்தான் எம் புருஷன் செத்தாருன்னு எழுதாதீங்க."

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். சாப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரர்களைத் தேடினேன். அவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள்.

7

துரைக்கண்ணுவைப் பிடித்தார்கள். கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்துவிட்டார். உடல் உறுப்புகளைச் சோதித்த அறிக்கை வந்தபோது விஷச் சாராயம்தான் என்று அதில் இருந்தது. ஆனால் அதைக் காய்ச்சியது யார் என்பதற்குச் சாட்சி மலர்க்கொடி ஒருத்திதான். மற்ற இரண்டு குடும்பமும், வழியில் யாரோ முகம் தெரியாதவனிடம் வாங்கியிருக்கலாம் என்று மாற்றிச் சொன்னார்கள். தோப்பில் குடித்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வழக்கு வாய்தா வாய்தாவாகப் போய், இந்த வருட ஆரம்பத்தில் அவரை விட்டுவிட்டார்கள்.

நாங்கள் பிரான்சுக்குத் திரும்பியதும் முதியோர் இல்லத்தில் தம்பி எப்படி இறந்தான் என்று கேட்டார்கள். மது என்றேன். எல்லோரும் புரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டினார்கள். ஒரு பெண், "என் அண்ணனும் அப்படித்தான், அளவே தெரியாது" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். விளக்கிச் சொல்ல எனக்கு வார்த்தை இருந்தது, தெம்பு இல்லை. ஜெயராமன் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் குடிப்பதை நிறுத்தவில்லை. நான் நிறுத்திவிட்டேன். நிலா எதையும் கேட்பதில்லை. மாமாவைப் பற்றிப் பேச்செடுத்தால் தன் அறைக்குப் போய்விடுகிறாள். பேசுகிற கொஞ்சமும் பிரெஞ்சில்தான்.

மலர்க்கொடிக்குக் கொட்டகையில் வேலை போயிற்று. வயல் வேலைக்கும் யாரும் கூப்பிடவில்லை. அவளைக் கூப்பிட்டால் மற்றவர்கள் வரமாட்டோம் என்றார்களாம். யாழினியைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், "உங்கம்மா கொன்னவ" என்றிருக்கிறார்கள். ஒரு நாள் வீட்டைப் பூட்டிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்துவிட்டாள். இப்போது அங்கே ஒரு மெஸ்ஸில் சமைக்கிறாள். அடுப்புப் புகையில் ஓயாத இருமல். முப்பது வயதுக்காரிக்கு ஐம்பது வயது முகம். வாடகைக்கு வீடு கொடுப்பவர்கள் புருஷனைப் பற்றிக் கேட்டால் சாராயம் குடித்துச் செத்தார் என்று அப்படியே சொல்கிறாள். அதனால் இரண்டு வீடு மாற வேண்டியதாயிற்று.

வழக்கு முடிந்த பிறகு நான் மட்டும் போய் அவளைப் பார்த்தேன். மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரே அறை. மேலே தகரம். மதிய வேலை முடிந்து அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன். தீர்ப்பைப் பற்றி இருவரும் பேசவில்லை. கடைசியில் என்னால் அடக்க முடியவில்லை.

"மலரு, அன்னிக்கு நத்தைன்னே சொல்லியிருந்தா நீ ஊருலயே இருந்திருக்கலாமே. அந்த ஆளு எப்படியும் வெளிய வந்துட்டான். உனக்கு வேலையாவது மிஞ்சியிருக்கும்."

அவள் கோபப்படவில்லை. உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டாள்.

"இருந்திருக்கலாம் அண்ணி. வூடு இருந்திருக்கும், வேலை இருந்திருக்கும்" என்றாள். "ஆனா எம் பொண்ணுக்கு நான் தெனமும் ஆக்கிப் போடணும்ல? பயப்படாம அவ எங் கையால சாப்பிடணும்ல?"

பள்ளிக்கூடம் விட்டு யாழினி வந்தாள். பையைக் கடாசிவிட்டு, "பசிக்குதும்மா" என்றாள். மலர்க்கொடி கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, மத்தியானம் எடுத்துவைத்திருந்த சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். குழந்தை அம்மாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டு வாயைத் திறந்தது.